ஒன்பது நாள் கார்டு

ரயில்வே குடியிருப்பு,
ஜங்ஷன்,
20.2.1971

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமா மருதையன் அவர்களுக்கு, தங்கள் தங்கை மகனும் மருமகனுமாகிய வீரையன் பணிவுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் தங்கள் மகள் அம்சமும் நலம். அவ்விடம் தாங்களும் அத்தையும் புதிதாக வாங்கிய கறவை மாடும் நலம் என்று தங்கள் கடிதத்தால் அறிந்தோம்.

தாங்கள் எழுதிய கடிதமும், அதோடு குண்டூசி குத்தி அனுப்பிய மன்னிப்புக் கடிதத்தின் நகலும் கிடைத்தன. நகல் மிக நன்றாக இருந்தது. நாகப்பட்டினம் தாலுகா ஆபீசில் இருபத்தாறு வருடம் டவாலி அணிந்து, வந்துபோன தாசில்தார் ஒவ்வொருவரிடமும் ஒரு மன்னிப்பாவது எழுதிக்கொடுத்து வேலையைக் காப்பாற்றிக்கொண்டவருடைய கை அதில் தெரிந்தது. 'அறியாமையாலும், இளம் வயதின் வேகத்தாலும், கிரகக் கோளாறாலும்' என்று மூன்று காரணங்களை ஒரே வரியில் அடுக்க எனக்கு வராது. ஆனால் மாமா, அதில் நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. 'வேலைக்குச் சேர்ந்த பதினோராம் நாளே சிவப்புக் கொடி பிடித்து ஊர்வலம் போனான், தண்டவாளத்தில் வெடி வைத்தான், போலீசில் பிடிபட்டான், மேலதிகாரியைச் சேற்றில் விழவைத்தான்' என்று ஊரில் பேசிக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். நான்கும் உண்மைதான். நான்கையும் நான் சட்டப்படியே செய்தேன். அதை விளக்கத்தான் இந்தக் கடிதம்.

முதலில் பயிற்சியைச் சொல்லிவிடுகிறேன். ரயிலின் கடைசிப் பெட்டியில் நின்று கொடி ஆட்டுகிறவன்தான் கார்டு என்று ஊரில் நினைக்கிறார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் மனுப்போட்டேன். உண்மையில் வண்டி புறப்பட்டதிலிருந்து போய்ச் சேரும்வரை அதற்குப் பொறுப்பு அவன். அவன் பச்சைக் கொடி காட்டாமல் டிரைவர்கூட வண்டியை நகர்த்தக்கூடாது. ஆகையால் அவனுக்கு நாற்பத்தைந்து நாள் வகுப்பு, அதன்பிறகு பதினைந்து நாள் பழைய கார்டு ஒருவரோடு வண்டியில் போய்ப் பழகுவது என்று சட்டப்புத்தகத்தில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். எங்கள் முறை வந்தபோது பழைய கார்டுகள் பலர் ஒன்றாக ஓய்வு பெற்றுவிட்டார்கள், தேர்தல் வேறு வருகிறது, வண்டிகளை நிறுத்தினால் பெயர் கெட்டுவிடும் என்று சொல்லி நாற்பத்தைந்தை ஒன்பதாக்கினார்கள். பழகுகிற பதினைந்து நாளை, பழக்கிவிட ஆள் இல்லாததால், அப்படியே எடுத்துவிட்டார்கள். சரி, ஒன்பது நாளாவது முழுசாகக் கிடைத்ததா என்றால், ஜனவரி பதினொன்றாம் தேதி தொடங்கிப் பத்தொன்பதில் முடித்தார்கள். அதற்குள் பொங்கல் வந்தது, மாட்டுப் பொங்கல் வந்தது, ஞாயிற்றுக்கிழமை வந்தது. போகியன்று பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று வகுப்பைச் சுற்றியிருந்த கற்களுக்கெல்லாம் வெள்ளையடித்து மாவிலைத் தோரணம் கட்டினோம். அவர் வரவில்லை. எங்கள் பயிற்சியாளர் பெரிய சங்கீத ரசிகர். பதினாறாம் தேதி திருவையாற்றில் ஆராதனை என்று போனவர், கூட்டத்தோடு சேர்ந்து பாடிப் பாடித் தொண்டையைத் தொலைத்துவிட்டுத் திரும்பினார். பதினெட்டாம் தேதி முழுவதும் சைகையிலேயே பாடம் நடத்தினார். கார்டு வேலையே சைகை வேலை என்பதால் அந்த ஒரு நாள் பாடம்தான் எங்கள் எல்லோருக்கும் மனதில் நின்றது. கடைசி நாள் உடுப்புக்கு அளவெடுத்தார்கள். வகுப்பின் சன்னல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்திருந்தது. ஆகக்கூடி பயிற்சிக் காலம் முழுவதிலும் நாங்கள் நெருங்கிப் பார்த்த ஒரே வண்டி, பதினோரு மணிக்கு வடை கொண்டுவருகிற தள்ளுவண்டி.

இந்தப் படிப்போடு என்னைக் கிளைப்பாதை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். ஏற்றிவிட்டார்கள் என்பதுகூடச் சரியில்லை, ஏனென்றால் முதல் நாள் நான் ஏறவே இல்லை. நேரம் குறித்த சீட்டை டிரைவரிடம் கொடுக்க எஞ்சின்வரை போனவன், அங்கே நின்றபடியே விசில் ஊதிப் பச்சைக் கொடியைக் காட்டிவிட்டேன். வண்டி உடனே கிளம்பிவிட்டது. கடைசிப் பெட்டி என்னிடம் வந்து சேர்ந்தபோது அது நல்ல வேகத்தில் இருந்தது. ஓடுகிற பெட்டியில் எந்தக் காலை முதலில் வைப்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை. நான் யோசித்து முடிப்பதற்குள் பெட்டி போய்விட்டது. நெல் கொள்முதல் குமாஸ்தா ஒருவரிடம் சைக்கிள் வாங்கிக்கொண்டு வாய்க்கால் கரையோடு மிதித்தேன். வழியில் ஒரு வாத்துக் கூட்டம் தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருந்ததால் வண்டி நின்றிருக்கிறது. அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டிக்கு நாலு நிமிடம் முன்னதாகவே நான் போய்ச் சேர்ந்து, மூச்சு வாங்க நின்று, என் வண்டியை நானே வரவேற்றேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு இடத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள்.

இப்போது பதினோராம் நாள். அன்று காலை நாலு பயணிப் பெட்டியும் ஆறு நெல் வேகனும் சேர்ந்த வண்டி. டிரைவர் சேக் தாவூது, நாகூர்ப் பக்கத்துக்காரர், முப்பது வருடம் எஞ்சினில் நின்றவர், என்னிடம் அன்பாக இருப்பவர். கீழப்பத்து ஸ்டேஷனில் ஒன்பது நாற்பதுக்குப் புறப்பட வேண்டும். ஒன்பது நாற்பது ஆனதும் விசிலை எடுத்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் இருமினார். விசிலை ஊதினேன். அவர் இன்னும் பலமாக இருமினார். இருமலைப் பற்றிச் சட்டப்புத்தகத்தில் ஒன்றும் இல்லை, ஆகவே கொடியைக் காட்டி வண்டியைக் கிளப்பிவிட்டேன். கீழப்பத்துப் பண்ணை என்கிற பெரிய மிராசுதார் வந்து ஏறுகிறவரை அந்த வண்டி நகரக்கூடாது என்பது அந்தப் பண்ணையின் அப்பா காலத்து வழக்கமாம். இதை எனக்குப் பிற்பாடுதான் சேக் தாவூது சொன்னார்.

"தம்பி, நீங்க படிச்சது அச்சடிச்ச ரூல். இது அச்சடிக்காத ரூலு. இதைப் பழைய கார்டு பக்கத்துல நின்னு சொல்லிக்கொடுக்கணும். உங்களுக்குத்தான் யாருமே நிக்கலையே."

வண்டி அரை மைல் போயிருக்கும். தண்டவாளத்துக்கு இணையாகப் போகிற மண்சாலையில் பண்ணையின் வில்வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு வர, அவருடைய காரியஸ்தர் துண்டை வீசியபடி முன்னால் ஓடி வந்திருக்கிறார். சேக் தாவூது பார்த்துவிட்டு வண்டியை நிறுத்திவிட்டார். கடைசிப் பெட்டியில் நின்ற எனக்கு இதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது, வண்டி நடுவழியில் காரணமில்லாமல் நின்றுவிட்டது. புத்தகத்தைப் பிரித்தேன். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் வண்டி நின்றால், கார்டு உடனே பின்பக்கம் நடந்துபோய், சிவப்புக் கொடியைக் காட்டியபடி, குறித்த தூரத்தில் தண்டவாளத்தின்மேல் பட்டாசு பொருத்த வேண்டும் என்று இருந்தது. பட்டாசு என்றால் ஷூ பாலிஷ் டப்பி மாதிரி ஒரு தகர டப்பி. பின்னால் எதுவாவது வந்து அதன்மேல் சக்கரம் ஏறினால் வெடிக்கும், வருகிறவன் சத்தம் கேட்டு நின்றுவிடுவான், முன்னால் நிற்கிற வண்டியில் இருப்பவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். நான் அன்றைக்கு ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. டப்பிகளைப் பையில் போட்டுக்கொண்டு, பச்சைக் கொடியைப் பெட்டிக் கதவில் செருகிவிட்டு, சிவப்புக் கொடியோடு இறங்கி நடந்தேன்.

மாமா, அந்த வட்டாரத்து நிலைமை தங்களுக்குத் தெரியும். அறுப்புக் கூலித் தகராறில் நாலு நாளாக யாரும் வயலில் இறங்கவில்லை. பண்ணை வெளியூரிலிருந்து லாரியில் ஆள் கொண்டுவந்திருந்தார். அவர்களுக்குக் காவலாகப் போலீஸ். வரப்பில் நட்டிருந்த சங்கத்துக் கொடிகளை எல்லாம் முந்தின நாள்தான் போலீசார் பிடுங்கிக் கட்டி எடுத்துப் போயிருந்தார்கள். நாற்பது ஆணும் பெண்ணும் வரப்பில் வரிசையாக உட்கார்ந்து, தங்கள் கதிர் தலைசாய்ந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் வெள்ளைக் கால்சட்டையும் வெள்ளைக் கோட்டும் போட்ட ஒருவன் சிவப்புக் கொடியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ரயில் கரையில் விறுவிறுவென்று நடந்து வந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? முன்னால் உட்கார்ந்திருந்த காளியம்மாள் என்கிற அம்மா முதலில் எழுந்தார்.

"எந்த ஊரு சங்கங்க?" என்றார்.

"சங்கம் இல்லைம்மா. ரயில்வே."

"ரயில்வேயும் நம்ம பக்கம் வந்துட்டுதா," என்று பின்னால் திரும்பிச் சொல்லிவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு என் பின்னால் நடந்தார். அவர் நடந்ததும் நாற்பது பேரும் நடந்தார்கள்.

"அம்மா, நீங்கள்லாம் வராதீங்க. நான் வண்டிக்குப் பாதுகாப்புக்குப் போறேன்."

"எங்களுக்குப் பாதுகாப்புக்கு யாரு வர்றான்னுதான் தம்பி நாங்களும் நாலு நாளா பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கோம்."

இதற்கான பதில் புத்தகத்திலும் இல்லை. நான் குனிந்து முதல் டப்பியைத் தண்டவாளத்தில் வைத்து ஈயப்பட்டையை மடக்கிக்கொண்டிருந்தபோது மூன்று போலீஸ்காரர்கள் ஓடி வந்தார்கள். பெரியவர் தூரத்திலேயே நின்றுகொண்டு கேட்டார்.

"என்னடா வைக்கிறே?"

"பட்டாசுங்க."

"தீபாவளி முடிஞ்சு எத்தனை மாசம் ஆச்சு?"

"இது ரயில்வே பட்டாசுங்க. தொட்டா ஒண்ணும் ஆகாது. சக்கரம் ஏறினாத்தான் வெடிக்கும்."

"அப்ப வெடிக்கும்."

"வெடிக்கிறதுக்குத்தானே வைக்கிறோம்."

இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் என் ஒப்புதல் வாக்குமூலம் என்று எழுதிக்கொண்டார்கள். ஒருவர் என் இடது கையைப் பிடித்துக்கொண்டார், இன்னொருவர் பையைப் பிடுங்கி உள்ளே இருந்த மற்ற டப்பிகளைப் பார்த்துவிட்டு, பையைத் தரையில் மெதுவாக வைத்துவிட்டு வரப்புக்கு அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டார். அப்போதுதான் வண்டி ஊதியது. திரும்பிப் பார்த்தால், என் வண்டி போய்க்கொண்டிருக்கிறது. என் சாப்பாடு, என் விளக்கு, என் பொறுப்பு எல்லாம் அதில் இருக்கிறது. கார்டு இல்லாமல் அது எப்படிப் போனது என்பது மாலையில்தான் தெரிந்தது. ஜன்னத் பீவி என்று ஓர் அம்மா, தங்கை மகள் கல்யாணத்துக்குப் பெட்டி நிறைய சீரோடு போய்க்கொண்டிருந்தவர், பண்ணை ஏறி உட்கார்ந்தும் வண்டி கிளம்பவில்லையே என்று இறங்கி வந்து பார்த்திருக்கிறார். கடைசிப் பெட்டியில் ஆள் இல்லை, கதவில் பச்சைக் கொடி இருக்கிறது. எடுத்து ஆட்டியிருக்கிறார். அந்தப் பெட்டியிலேயே ஏறி உட்கார்ந்து, அடுத்த இரண்டு ஸ்டேஷனிலும் இறங்கி நின்று, எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று விசாரித்துவிட்டு மறுபடி ஆட்டியிருக்கிறார். வண்டி மூன்று நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கிளைப்பாதையில் அப்படி நடந்தது யாருக்கும் நினைவில் இல்லை.

இங்கே நான் போலீஸ் கையில். அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு தள்ளுடிராலி வந்தது. நாலு ஆட்கள் தண்டவாளத்தின்மேல் ஓடித் தள்ள, குடைக்குக் கீழே மேலதிகாரி ஒருவர் உட்கார்ந்து வந்தார். பெயர் எழுதுவது முறையல்ல, டிராலி ஐயா என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பிடிபடாத வலது கையால் சிவப்புக் கொடியை ஆட்டினேன். போலீஸ்காரர் அந்தக் கையையும் பிடித்துக்கொண்டார். டிராலி ஐயா ஒரு கோப்பைப் படித்துக்கொண்டிருந்தார். சக்கரம் டப்பியின்மேல் ஏறியது. மாமா, அது இவ்வளவு சத்தம் போடும் என்று எனக்கே தெரியாது. வகுப்பில் அதைப் படத்தில்தான் காட்டினார்கள். வயலில் இருந்த கொக்கெல்லாம் எழும்பிவிட்டது. தள்ளுகிறவர்கள் நாலு பேரும் நாலு பக்கம் குதித்தார்கள். நின்றிருந்த இரண்டு போலீஸ்காரர்களும் தரையோடு தரையாகப் படுத்துவிட்டார்கள். டிராலி ஐயா குடையோடும் கோப்போடும் கரையிலிருந்து உருண்டு வயலுக்குள் போய்விட்டார்.

வேலைநிறுத்தத்தால் வடிகால் வெட்டிவிட ஆள் இல்லாமல் அந்த வயலில் தண்ணீர் அப்படியே நின்றிருந்தது. ஐயா தொடை அளவு சேற்றில் நின்றுகொண்டு, ஒரு காலை எடுத்தால் மறு கால் இறங்கி, கையைத் தூக்கிக் காட்டினார். எழுந்து தூசி தட்டிய பெரிய போலீஸ்காரர் காளியம்மாளைப் பார்த்து, "இறங்கித் தூக்கிவிடுங்க," என்றார்.

"கூலி பேசி முடியாம நாங்க வயல்ல எறங்கறதில்லைங்க," என்றார் காளியம்மாள். "நாலு நாளா நீங்களே பாத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க."

"இது அறுப்பு இல்லை. ஆள் தூக்கறது."

"எதைத் தூக்கினாலும் எறங்கறது எறங்கறதுதானுங்க."

இதற்குள் பண்ணையை வண்டி ஏற்றிவிட்டுக் காரியஸ்தர் திரும்பி வந்திருந்தார். யாருடைய வயல் இது, சொந்தக்காரர் சொல்லட்டும், கூலியை இப்போதே பேசி இறங்கச் சொல்லுங்கள் என்று போலீஸ்காரர் அவரிடம் கேட்டார். காரியஸ்தர் ஐயாவையும் பார்த்தார், போலீசையும் பார்த்தார். உச்சவரம்புச் சட்டம் வந்த பிறகு பண்ணைக்குப் பதினைந்து ஏக்கருக்குமேல் இல்லை என்று அவரே கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"இது பண்ணை வயல் இல்லீங்க," என்றார். "சமையல்காரர் பேர்ல இருக்கு."

"அப்ப சமையல்காரரை வரச் சொல்லுங்க. நாங்க அவருகிட்டயே பேசிக்கிறோம்," என்றார் காளியம்மாள். நாற்பது பேரும் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள்.

டிராலி ஐயா இடுப்புவரை போய்க்கொண்டிருந்தார். நான் போலீஸ்காரரிடம், "கையை விடுங்க, நான் இறங்கறேன்," என்றேன். அவருக்கும் வேறு வழி தெரியவில்லை, விட்டார். இறங்குவதற்குமுன் காளியம்மாளைப் பார்த்தேன். "நீங்க எறங்கலாம் தம்பி. நீங்க கூலிக்கு எறங்கல," என்றார். மாமா, நானும் கூலிக்கு வயலில் இறங்கிய அய்யாவு மகன்தான். பத்து வயதில் நாற்று முடி சுமந்தவன். சேற்றில் எப்படிக் கால் வைப்பது என்று எனக்கு யாரும் பயிற்சி கொடுக்க வேண்டியதில்லை. புது உடுப்போடு இறங்கி, ஐயாவை நெல்மூட்டை மாதிரி முதுகில் ஏற்றிக்கொண்டு கரைக்கு வந்து சேர்த்தேன். கரையில் உட்கார்ந்து கண்ணில் இருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார்.

"நீ எந்த பேட்ச்?"

"ஒன்பது நாள் பேட்ச் ஐயா."

ஒன்பது நாள் போதும் என்று கையெழுத்திட்டவர் அவர்தான் என்று எனக்கு அப்போது தெரியாது.

பிற்பகலில் ஸ்டேஷன் மாஸ்டர் சட்டப்புத்தகத்தோடு வந்து விளக்கியதும் போலீசார் என்னை விட்டுவிட்டார்கள். அவர்கள் நல்லபடியாகவே நடந்துகொண்டார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள், டப்பி ஒன்றைக் காட்டச் சொல்லிப் பார்த்தார்கள். தொல்லை அதற்குப்பிறகு ஆபீசில் ஆரம்பித்தது. ரயில்வே ஊழியன் தொழிலாளர்களைத் திரட்டி வந்தான் என்று பண்ணை மேலே எழுதிவிட்டார். விசாரணை வைத்தார்கள். நடத்தியவர் டிராலி ஐயாவேதான்.

"ஜன்னத் பீவிக்கு நாங்க எத்தனை நாள் பயிற்சி கொடுத்தோம்?" என்று கேட்டார்.

"ஒரு நாளும் இல்லைங்க ஐயா."

"வண்டி முன்கூட்டியே போய்ச் சேர்ந்துச்சா இல்லையா?"

"சேர்ந்துச்சுங்க."

"அப்ப கோளாறு பயிற்சியில இல்லை. உன்கிட்ட இருக்கு."

"ஐயா, அந்தம்மா கல்யாணத்துக்குப் போறவங்க. அவங்களுக்கு முன்னாடி என்ன இருக்குன்னுதான் கவலை. பின்னாடி என்ன வருதுன்னு பாக்கறதுக்குத்தான் கார்டு. அன்னிக்குப் பின்னாடி வந்தது நீங்க."

அவர் மேசைக்கு மேலே இருந்த பேப்பர் வெயிட்டை நகர்த்தி வைத்தார். பிறகு தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டினார். 'நாற்பத்தைந்து நாள் முழுப் பயிற்சி பெற்றிருந்தும், என்னுடைய கவனக்குறைவாலும் அனுபவமின்மையாலும் நேர்ந்த இந்தத் தவறுக்கு' என்று அது தொடங்கியது. நான் பேனாவை வாங்கி நாற்பத்தைந்தை அடித்துவிட்டு ஒன்பது என்று எழுதினேன். வேறு தாள் அடித்து வரச்சொன்னார். அதிலும் அடித்தேன். மூன்றாவது தாளில் கார்பன் வைத்து அடித்து வந்தார்கள், நான் எல்லா நகலிலும் தனித்தனியாக அடித்தேன். தட்டச்சுக்காரர் எனக்கு மட்டும் கேட்கும்படி, "தம்பி, ரிப்பன் தேயுது," என்றார். இது போதாதென்று, அந்தத் தாளின் ஒரு நகலைக் கீழப்பத்துப் பண்ணை வீட்டுக்கு நானே எடுத்துப்போய், வாசலில் நின்று, நேரில் கொடுக்க வேண்டுமாம். எதற்கு? அன்று வண்டியில் நான் கார்டு, அவர் பயணி. நடு வயலில் ஏறியதால் டிக்கெட்டும் வாங்கவில்லை. அவரிடம் நான் அபராதம் கேட்கலாம், மன்னிப்புக் கேட்க முடியாது.

தாங்கள் கடிதத்தில், 'ஒரு எண்ணில் என்ன இருக்கிறது, நாற்பத்தைந்து என்றால் நாற்பத்தைந்து என்று எழுதிவிட்டுப் போ' என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்கிறேன். என்னோடு ஒன்பது நாள் படித்த ரெத்தினத்தை மெயின் லைனில் போட்டிருக்கிறார்கள். கைவிளக்கைத் திருப்பும்போது சிவப்பு எப்போது வரும் என்று அவனுக்கு இன்றுவரை நிச்சயமில்லை. உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறான், வேர்வையில் அழிந்துவிடுகிறது. அவன் வண்டியில் தினமும் எழுநூறு பேர் போகிறார்கள். வேளாங்கண்ணிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள், தாலுகா ஆபீசுக்கு மனு கொண்டுபோகிறவர்கள், எல்லோரும் கடைசிப் பெட்டியில் வேலை தெரிந்தவன் ஒருவன் நிற்கிறான் என்று நம்பித்தான் கண் அசருகிறார்கள். என் கதையில் சேறு இருந்ததால் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ரெத்தினத்துக்கு நேர்ந்தால் சேறு இருக்காது. அன்று நான் நாற்பத்தைந்து என்று எழுதிக்கொடுத்த தாளைக் காட்டி, பயிற்சியில் குறையில்லை, பையன்கள்தான் சரியில்லை என்று சொல்வார்கள். அந்தத் தாளில் என் பெயர் இருக்கக் கூடாது மாமா. அது ஒன்றுதான் என் பிடிவாதம்.

அம்சமும் தங்கள் நகலைப் படித்தாள். "எங்கப்பா எழுத்து அழகாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா ஒம்பதை நாப்பத்தஞ்சுன்னு எழுதினா போதும்னு அவரு நெனச்சா, அவரையே ஒரு நாளைக்குக் கடைசிப் பெட்டில வந்து நிக்கச் சொல்லுங்க." இதை அவள் சொன்னபடியே எழுதச் சொன்னாள், எழுதியிருக்கிறேன். தாங்கள் வருத்தப்படக் கூடாது.

ஆகவே என் முடிவு இதுதான். வேலையை எடுத்தால் எடுக்கட்டும். சென்னைவரை எழுதுவேன், தேர்தல் முடிந்ததும் யார் மந்திரியாக இருக்கிறாரோ அவரிடம் நேரில் போவேன், கோர்ட்டுக்குப் போவேன். ஒன்றும் நடக்காவிட்டால் அறுப்புக்குப் போவேன், அதற்கும் கூலி பேசி முடித்த பிறகே இறங்குவேன். நாற்பத்தைந்து என்று எழுதிய தாளில் இந்தக் கை கையெழுத்துப் போடாது. இதற்குமேல் இந்த விஷயமாகத் தாங்கள் எனக்கு நகல் எதுவும் அனுப்பிச் சிரமப்பட வேண்டாம்.

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். அம்சத்துக்கு இது மூன்றாம் மாதம் என்பதையும் அத்தையிடம் மட்டும் சொல்லவும். எல்லோருக்கும் நலம் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லுக்கு இந்த ஒரு தடவை மட்டும் கட்டுப்படாத மருமகன்,
அ. வீரையன், கார்டு

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போடும்போது ஆபீசிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார். போய்விட்டு இப்போதுதான் திரும்பினேன். எங்கள் பயிற்சியாளர் நீண்ட விடுப்பில் போய்விட்டாராம். திங்கட்கிழமை இருபது பேர் புதிதாகச் சேருகிறார்கள். தண்டவாளத்தில் பட்டாசு வைத்து, அது வெடித்ததையும் கண்ணால் பார்த்த அனுபவம் புதிய கார்டுகளில் எனக்கு மட்டும்தான் உண்டு என்பதால், என்னையே பயிற்சியாளராகப் போட்டிருக்கிறார்கள். சம்பளத்தோடு படியும் உண்டு, மின்விசிறியும் உண்டு. ஒரே ஒரு சிக்கல், பயிற்சி கொடுக்கிறவன் தானே முழுப் பயிற்சி பெற்றவனாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே நாற்பத்தைந்து என்று இருந்த தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பண்ணைக்குப் போகிற நகலை நேரில் கொடுக்க வேண்டியதில்லை, தபாலில் அனுப்பினால் போதும் என்று வாதாடி ஜெயித்துவிட்டேன். இந்த இருபது பேருக்கும் ஐந்து நாள்தான் தருகிறார்கள். ஐந்து நாள் மிகக் குறைவு, குறைந்தது ஒன்பது நாளாவது வேண்டும் என்று டிராலி ஐயாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். யோசிப்பதாகச் சொன்னார். அம்சம் இந்தக் கடிதத்தை வாங்கி முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டு, அடுப்படிக்குப் போய்விட்டாள். இன்னும் பேசவில்லை. மேலே எழுதியதை எல்லாம் கிழித்துவிடவும். புதன்கிழமை நான் அவர்களுக்கு, வண்டியை நிறுத்துகிற வாக்கும் பிரேக் பாடம் எடுக்க வேண்டும். எனக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. நாகப்பட்டினத்தில் தங்களுக்குத் தெரிந்த பழைய கார்டு யாராவது இருந்தால் தயவுசெய்து செவ்வாய்க்கிழமைக்குள் இங்கே அனுப்பிவைக்கவும். பஸ்ஸில் அனுப்பவும். இந்த வாரம் அந்தப் பக்கத்து வண்டியில் ரெத்தினம் வருகிறான்.